அந்தக் கரையில் ஏன் இத்தனை பட்டினங்கள்?

வேதாரண்யத்தில் தொடங்கி ராமநாதபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறீர்கள். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம், பாசிப்பட்டினம், தேவிபட்டினம் என்று பெயர்ப் பலகைகள் வரிசையாக வந்தன. இறங்கிப் பார்த்தால் ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், ஐஸ் உடைக்கும் கூடம், வலை உலர்த்தும் திடல், அவ்வளவுதான். 'இவையெல்லாம் உண்மையிலேயே துறைமுகமாக இருந்தவையா, அல்லது பெயர் மட்டும்தான் பெரிதா?' என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலானவை உண்மையிலேயே துறைகள்தான். ஆனால் நாகப்பட்டினத்தையோ காவிரிப்பூம்பட்டினத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைத் தேடினால் கிடைக்காது. இந்தக் கரையின் கதையைப் புரிந்துகொள்ள, கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் கிடக்கும் கடலைப் பாக் விரிகுடா என்கிறோம். பாக் என்பது 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர். ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் இதைப் பெண் கடல் என்பார்கள். தீவுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆண் கடல். ஆண் கடலுக்கு ஆழமும் அலையும் உண்டு. பெண் கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. மணமேல்குடிப் பக்கம் நீர் வற்றிய நேரத்தில் கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பு நனையாது. கால் மட்டும் சேற்றில் கணுக்கால் வரை புதையும். வள்ளத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு, தலையில் கூடையோடு தண்ணீரில் நடந்து கரை சேர்கிற காட்சியை இங்கே விடியற்காலையில் பார்க்கலாம்.

பட்டினங்கள் பெருகியதற்குக் காரணம் இந்த ஆழமின்மைதான். பெரிய கப்பல் கரைக்கு அருகில் வர முடியாது, ஆனால் தோணி எங்கு வேண்டுமானாலும் வரலாம். அலை அடித்து நொறுக்காது, பாறை கிடையாது. ஒரே பெரிய துறைமுகத்தில் எல்லோரும் போய்க் குவிய வேண்டிய கட்டாயம் இல்லாததால், சிற்றாறு விழும் இடத்திலெல்லாம் ஒரு துறை உருவானது. துறை உருவான இடத்தில் சுங்கம் வசூலிக்க அரசன் ஆள் வைத்தான், தன் பெயரையும் வைத்தான். சுந்தரபாண்டியன்பட்டினத்தின் பெயரே அதைச் சொல்லும். அதிராம்பட்டினம் அதிவீரராம பாண்டியன் பெயரால் வந்தது என்பார்கள். மல்லிப்பட்டினத்தை ஒட்டியுள்ள சரபேந்திரராஜன்பட்டினம் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் பெயரில் வைத்தது. ஆக, எல்லாப் பட்டினமும் தானாக வளர்ந்ததில்லை. சிலவற்றுக்கு அரசன் முதலில் பெயரை வைத்துவிட்டு, பிறகு தோணிக்குக் காத்திருந்தான்.

இவற்றில் மூத்தது தொண்டி. சங்கப் பாடல்கள் பெரிதும் புகழும் தொண்டி சேரநாட்டில், மேற்குக் கரையில் இருந்தது. அதைக் காட்டி 'இந்தத் தொண்டிக்குப் பழமை கிடையாது' என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குக் காற்றே பதில் சொல்லும். சிலப்பதிகாரத்தில் மதுரையை வருணிக்கும் இடத்தில், தொண்டியோர் மரக்கலங்களில் அனுப்பிய அகில், துகில், சந்தனம், கருப்பூரம் இவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று நகருக்குள் நுழைகிறது. கொண்டல் என்றால் கீழ்க்காற்று, கிழக்கிலிருந்து வீசுவது. மேற்குக் கரைத் தொண்டியின் மணத்தைக் கொண்டல் மதுரைக்குக் கொண்டுவர வேண்டுமானால் காற்று திரும்பி வீச வேண்டியிருக்கும்! இன்றும் இந்தக் கரை மீனவர்கள் கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் சொல்லித்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அகிலும் கருப்பூரமும் தமிழ்நாட்டில் விளைகிற சரக்கு அல்ல, கீழைக் கடல் தாண்டி வந்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் தீர்த்தாண்டதானம் என்று ஒரு கடலோரச் சிற்றூர். அமாவாசைக்குத் தீர்த்தமாட வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இந்தக் கரையிலேயே மிகவும் பிடித்த ஆவணம் அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாண்டியர் காலத்தது. கோயிலைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும். அதற்காகச் சரக்கு ஏற்றி இறக்கும்போது இவ்வளவு தருவது என்று வணிகர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். யார் யார் கூடினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், தென்னிலங்கை வளஞ்சியர், கைக்கோளர், வாணியர், கரையார். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு, அந்தக் காலகட்டத்தில் பெரும்பாலும் முஸ்லிம்கள். மணிக்கிராமத்தாரும் ஒரு வணிகக் குழுவினர். வளஞ்சியர் இலங்கைத் தொடர்புள்ள வணிகக் குழு. கைக்கோளர் நெசவாளர், வாணியர் எண்ணெய் ஆட்டுவோர், கரையார் கடல் மக்கள். சிவன் கோயில் திருப்பணிக்கு இத்தனை பேரும் சேர்ந்து வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கல்வெட்டை ஏன் மேற்கோள் காட்டுவதில்லை என்று நான் வியந்ததுண்டு. மேடைக்கு இது கொஞ்சம் வியாபார வாசனை அடிக்கிறதோ என்னவோ. அது போகட்டும். ஒரு சிற்றூர்த் துறையில் இத்தனை குழுக்களுக்கு வேலை இருந்தது என்பதே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

மீதிப் பாதியைப் போர் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்குப் பாண்டியர்களுக்குள்ளேயே பங்காளிச் சண்டை. ஒரு தரப்புக்கு உதவ இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பினான். படை ராமேஸ்வரம் பக்கம் இறங்கி வடக்கே முன்னேறியது. தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த சண்டையின் செய்தி கேட்டுச் சோழ நாடே கலங்கியது என்பதைக் காஞ்சிபுரம் அருகே ஆற்பாக்கம் என்ற ஊரில் உள்ள, இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. எதிரிலிசோழ சம்புவராயன் என்ற குறுநிலத் தலைவன் உமாபதி தேவர் என்ற சைவப் பெரியவரிடம் போய் முறையிட, அவர் 28 நாட்கள் பூசை செய்தாராம். இலங்கைப் படை பின்வாங்கியதும் அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்த ஊர்தான் ஆற்பாக்கம். அந்தப் 'பாசி'தான் நீங்கள் தொண்டிக்கு வடக்கே கடந்துபோன பாசிப்பட்டினம். அதன் பெயர் கேட்டுக் காஞ்சிபுரத்தில் 28 நாள் பூசை நடந்திருக்கிறது.

இடையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரை முழுதும் ஒரு காலத்தில் கூட்டமும் கும்மாளமுமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கோடியக்கரைக்கு வந்த சுந்தரர், கடற்காற்று வேகமாக வந்து மோதும் கரையில் குழகர் கோயில் தனியாக நிற்பதைப் பார்த்து மனம் வருந்துகிறார். பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமாகிவிடுமா, இங்கே யார் துணை என்று இறைவனையே கேட்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. காட்டுக்குள் அந்தக் கோயிலைத் தேடிப் போனால் இன்றும் அதே கேள்விதான் வாயில் வருகிறது.

கொஞ்சம் உள்ளே தள்ளி ஆவுடையார்கோயில், பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகர் கதை தெரிந்ததே. நரி பரியானதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மதுரை அமைச்சர் குதிரை வாங்க எந்தத் திசையில் புறப்பட்டார் என்று யாரும் கேட்பதில்லை. குதிரை கடல் வழியாக வந்து இந்தக் கரைப்பக்கம் இறங்கும் என்ற நினைவு அந்தக் கதைக்குள் கிடக்கிறது. பக்கத்திலேயே திருப்புனவாசல். 'மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று' என்ற பழமொழி அந்த ஊர் லிங்கத்தையும் ஆவுடையாரையும் பற்றியது. லிங்கத்துக்கு மூன்று முழத் துணி ஒரு சுற்று வரும், ஆவுடையாருக்கு முப்பது முழம் வேண்டும். அவ்வளவு பெரிய கோயிலை வெறும் வானம் பார்த்த பூமியின் வருமானத்தில் கட்டியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பிற்காலத்தில் இந்தக் கரை இரண்டு அரசுகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. வடக்கே தஞ்சை மராட்டியர், தெற்கே ராமநாதபுரம் சேதுபதிகள். 1729-ஐ ஒட்டிச் சேதுபதி வாரிசுச் சண்டையில் தஞ்சை தலையிட்டு, அதற்குக் கூலியாகப் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை எடுத்துக்கொண்டது. அறந்தாங்கிப் பகுதி 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும் வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்ததற்கு வேர் அங்கேதான். அதே பாம்பாற்றங்கரையில் ஓரியூர். அருளானந்தர் என்று நம்மவர்கள் அழைக்கும் போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அங்கே மண் சிவந்திருப்பதற்கு அவருடைய ரத்தமே காரணம் என்று நம்பி எல்லா மதத்தவரும் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள்.

மராட்டியர் இந்தக் கரைக்குச் செய்த பெரிய காரியம் சத்திரங்கள். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காக நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மீமிசல் என்று பாதை நெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள். 1799-இல் ஆங்கிலேயர் சரபோஜியிடமிருந்து நாட்டை வாங்கிக்கொண்டு கோட்டையை மட்டும் விட்டார்கள். அப்போதும் சத்திரங்களையாவது என் பொறுப்பில் விடுங்கள் என்று அவர் எழுதிக் கேட்டார். சாதி பாராமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு, நோயாளிக்கு மருத்துவம், அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, வழியில் இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு என்று அந்தக் கடிதம் நீளும். நாடு போன மன்னர் சோறு போடும் உரிமைக்காக மன்றாடியதைப் படிக்கும்போது, அவர் மனோராவைக் கட்டியதை மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

மனோராவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலோரத்தில் அகழியும் மதிலுமாக, அறுகோண வடிவில் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கோபுரம். 1814-15-இல் கட்டியது, உயரம் சுமார் 23 மீட்டர். மினார் என்ற சொல்தான் மனோரா ஆயிற்று. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று வழிகாட்டிப் பலகைகள் சொல்லும். கல்வெட்டு பேசுவது போனபார்ட்டின் வீழ்ச்சியையும் ஆங்கிலப் படையின் வெற்றியையும். தமிழ், மராத்தி, ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் அதைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். பிரான்சில் ஒருவன் தோற்றதற்குச் சேதுபாவாசத்திரத்துச் சேற்றங்கரையில் கோபுரம்! சுதந்திரம் இழந்த ஓர் அரசர் தன் விசுவாசத்தை இப்படித்தான் செங்கல்லில் எழுத வேண்டியிருந்தது.

இனி உங்கள் கேள்விக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வி: இவ்வளவு இருந்தது எங்கே போயிற்று? 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இந்தத் துறைகள் நன்றாகவே உயிரோடு இருந்தன. நெல்லும் துணியும் அக்கரை போகும், பாக்கும் பனை மரமும் திரும்பி வரும். அக்கரை என்றால் இலங்கைதான், வேறு விளக்கம் தேவையில்லை. இந்தக் கடலில் ஓடிய வத்தை என்ற பாய்மரப் படகைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடுங்கிய, நீண்ட படகு. பாய் விரித்தால் ஒரு பக்கம் சாயும். அதற்காகப் படகின் குறுக்கே நீளப் பலகை ஒன்றைப் போட்டிருப்பார்கள். காற்று ஓங்கினால் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறிக் காற்று வரும் பக்கமாக நகர்ந்து, கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். காற்று கூடினால் இன்னொரு ஆள் பலகையில் ஏறுவான், தணிந்தால் உள்ளே வருவான். மனிதர்களே தராசுப் படிக்கல். சின்ன வயதில் ஒரு கிழவர் எனக்கு இதை விளக்கும்போது திண்ணையில் ஒரு பலகையைப் போட்டு அதன் நுனியில் என்னை உட்காரவைத்துக் காட்டினார். விழுந்தேன்.

1830-களுக்குப் பிறகு அக்கரை போன சரக்கில் மனிதர்களும் சேர்ந்தார்கள். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பஞ்சம் பிழைக்கப் போனவர்களைக் கங்காணிகள் நடத்திக் கூட்டிவந்து, தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏற்றினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். இன்றைய மலையகத் தமிழர் பலருடைய முன்னோர் கடைசியாக மிதித்த தமிழ்நாட்டு மண் இந்தப் பட்டினங்களின் சேறுதான். அம்மாபட்டினத்தில் அதற்கு ஒரு நினைவுக் கல்கூட இல்லாதது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

பட்டினங்களை முடக்கியது ரயில். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடியும் ரயில், கொழும்பு. சென்னையில் டிக்கெட் வாங்கியவருக்குத் தொண்டித் தோணி எதற்கு? தோட்டத்துக்குப் போகிறவர்களும் மண்டபம் முகாம் வழியாகப் போகத் தொடங்கினார்கள். யாத்திரிகர்களும் ரயிலேறிவிட, சத்திரங்கள் ஆளில்லாமல் நின்றன. சரக்கும் ஆழமான துறைமுகங்களில் நிற்கும் பெரிய கப்பல்களுக்கு மாறியது. எந்த ஆழமின்மை இவர்களுக்குத் தொழில் கொடுத்ததோ, அதுவே இப்போது குறையாயிற்று. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும், அதற்குள் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. 1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. 1983-க்குப் பிறகு அக்கரையிலிருந்து அகதிகள் மட்டுமே வந்தார்கள். பக்கத்து வீடாக இருந்த யாழ்ப்பாணம் வெளிநாடாகியது.

மிச்சம் இருப்பது மீன். 1960-களுக்குப் பிறகு விசைப்படகு வந்தது, கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மல்லிப்பட்டினமும் மறுபடி பரபரப்பானது அதனால்தான். இழுவலை கடல் தாழையை வேரோடு வாரிக்கொண்டு போக, அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்கிற கடற்பசு அருகிப்போனது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். மனோராவின் உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே தண்ணீர்.

மறுபடி போவதாக இருந்தால், பெயர்ப் பலகையில் பட்டினம் என்று இல்லாத ஓர் ஊரில் நிறுத்துங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தால், வைகை கடலில் கலக்கும் இடத்தருகே அழகன்குளம் இருக்கிறது. 1986-87 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பல முறை அகழாய்வு செய்தது. ரோமானியக் காசு, மதுச்சாடித் துண்டு, தமிழி எழுத்துள்ள ஓடு எல்லாம் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் யாரோ ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார், பாய்மரமும் கயிறுகளுமாக. இந்தக் கரையின் துறைகளிலேயே மண்ணுக்கடியிலிருந்து இவ்வளவு சான்று காட்டிய ஊருக்குக் கிடைத்த பெயர் என்னவோ, குளம்.